எண் இல்லாத பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த ஒற்றை அறையை அவன் வாடகைக்கு எடுத்து, கதவில் ஒரு பலகை மாட்டினான். 'வெப் டிசைனர்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'ஸ்ட்ராட்டஜிஸ்ட்' என்று இன்னொரு வரி. பார்க்க வந்த அக்கா, முதல் வரி புரிகிறது, இரண்டாவது என்ன வேலை என்று கேட்டாள். ஒரு பக்கத்தில் எதை வைக்க வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும், வருகிறவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்துச் சொல்வது என்று விளக்கினான்.

"இதுக்குப் பணம் வேற தராங்களா? வீட்ல நான் இதைச் சும்மாதானேடா செஞ்சுட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

வேலையில் அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. எதையும் முன்கூட்டி முடிவு செய்துகொண்டு உட்காரக் கூடாது. ஒரு வாடிக்கையாளர் எழுத்தெல்லாம் மின்னி மின்னி மறைய வேண்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவன் ஒரு நாள் முழுக்க மின்ன வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றான். 'உங்கள் கருத்து ஒன்று, என் கருத்து ஒன்று. வருகிறவர்களே முடிவு செய்யட்டும்' என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம். தன்னுடைய பக்கத்தில் 'திறந்த மனதுடன் வேலை செய்கிறேன்' என்று எழுதியும் வைத்திருந்தான். அன்றிலிருந்து அத்தான் அவனைத் திறந்தமனசு என்றுதான் கூப்பிடுவார். இவனைக் கொசு கடித்தால்கூட, கொசுவின் தரப்பு நியாயம் என்ன என்று விசாரித்துவிட்டுத்தான் அடிப்பான் என்பார். முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து அத்தான் மூன்று வருஷமாக வீட்டோடு இருந்தார். வீடு அக்காவின் சம்பளத்தில் ஓடியது. கேலி மட்டும் அவர் பங்கு.

அறை எடுத்து ஐந்து மாதமாகியும், கண்ணாடிக் கடைக்கு வழி தவறியவர்களைத் தவிர யாரும் அந்த மாடிப்படி ஏறவில்லை. அப்போது அக்காதான் தன் அலுவலகத்தில் பேசினாள்.

அக்கா பதினேழு வருஷமாக ஒரே இடத்தில் போன் எடுக்கிறவள். நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு மடக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வாடகைக்கு அனுப்பும் நிறுவனம் அது. அங்கே போன் செய்கிறவர் யாரும் நிம்மதியான மனத்தோடு செய்வதில்லை. அக்கா காலையில் மேசைக்கு வந்ததும், ரிசீவரைத் தொடும் முன் ஒரு நொடி கண்ணை மூடி, இன்றைக்குத் தன்னால் யாருக்கும் தாமதமாகக் கூடாது என்று வேண்டிக்கொள்வாள். அவ்வளவுதான் வேண்டுதல். அதற்கு மேல் கடவுளைத் தொந்தரவு செய்ய அவளுக்கு நேரம் இருந்ததில்லை. மணி அடிக்கத் தொடங்கிவிடும்.

அந்த நிறுவனத்தின் வெப்சைட் பழசாகிவிட்டது, புதிதாகச் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் போய், தனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்றாள். பதினேழு வருஷத்தில் அவள் அந்த அறைக்குள் போய்க் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்று மாதத்தில் வெப்சைட் தயாரானது. வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்து, ஒரு படிவத்தை நிரப்பினால் வண்டி வீட்டுக்கு வரும். பார்க்கச் சுத்தமாக, வெளிச்சமாக இருந்தது. மேலே வலது மூலையில் அக்காவின் மேசைக்குப் போகும் தொலைபேசி எண்ணைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தான்.

மேனேஜர் அந்த எண்ணைத்தான் பார்த்தார். முதலாளியின் மருமகன் அவர். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். படிவம் வந்த பிறகு எண் எதற்கு என்று கேட்டார். எண் இருந்தால் ஜனங்கள் பேசத்தான் செய்வார்கள், பேசினால் எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். பேச்சு எங்கே போகிறது என்று அவனுக்குப் புரியாமல் இல்லை. அந்த எண் போனால் அக்காவின் மேசை போகும். கூடாது என்று அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்த அக்கா என்பதற்காகச் சொன்னால் அது தொழில் தர்மம் ஆகுமா என்று அவன் மனம் கேட்டது. அப்படிக் கேட்டதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நீங்களும் முடிவு பண்ண வேண்டாம், நானும் பண்ண வேண்டாம். வர்றவங்களே முடிவு பண்ணட்டும் சார்" என்றான்.

ஒரு சோதனை வைக்கலாம் என்று விளக்கினான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எண் உள்ள பக்கம் தெரியும், மீதிப் பாதிக்கு எண் இல்லாத பக்கம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்கும். ஒருவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டால், எத்தனை முறை திரும்பி வந்தாலும் அவருக்கு அதேதான். பதினான்கு நாள் கழித்து எந்தப் பக்கத்தில் ஆர்டர் அதிகம் என்று எண்ணினால் தெரிந்துவிடும். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் இயல்பாக இருக்க மாட்டார்கள்; எண்ணிக்கை கெட்டுவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. சோதனையைத் தொடங்கும் முன், நிறுவனத்தின் சொந்த ஆட்களுடைய கம்ப்யூட்டர்களை எண்ணிக்கையிலிருந்து விலக்கிவிட வேண்டும். அவர்கள் பார்ப்பதும் அழுத்துவதும் வாடிக்கையாளர் கணக்கில் சேரக் கூடாது. இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. அவன் தன் கம்ப்யூட்டரை விலக்கினான், மேனேஜருடையதை விலக்கினான், கணக்குப் பிரிவில் இருந்த இரண்டையும் விலக்கினான். அக்காவின் மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டரை விலக்கவில்லை. மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. அது அவன் நினைவுக்கே வரவில்லை. போன் எடுக்கிறவள் வெப்சைட்டுக்கு எதற்கு வரப்போகிறாள்? உலகத்தில் எல்லார் கருத்தையும் கேட்கத் தயாராக இருந்த மனத்துக்கு, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவளின் மேசை கண்ணில் படவில்லை.

பதினான்கு நாள் முடிந்தது. எண் உள்ள பக்கத்திலிருந்து நாற்பத்து நான்கு ஆர்டர். எண் இல்லாத பக்கத்திலிருந்து நூற்று முப்பத்தொன்று. போனில் வரும் ஆர்டர்களை அக்கா எழுதும் நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒன்பது வரிதான் இருந்தது.

எண்ணிக்கை அக்காவுக்கு எதிரானது என்று தெரிந்தும் ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்தான். உண்மை கசந்தால் அதற்காக உண்மையை மாற்ற முடியுமா என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். மேனேஜர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, தனக்குத் தெரிந்த மூன்று நிறுவனங்களில் அவனைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னார். அக்காவை என்ன செய்வீர்கள் என்று தயங்கிக் கேட்டதற்கு, பதினேழு வருஷம் இருந்தவங்கள அப்படியே விட்டுடுவோமா என்றார். அந்தக் கேள்வியைப் பதிலாக எடுத்துக்கொண்டு அவன் திரும்பினான்.

செவ்வாய்க்கிழமை, கொடுத்துவிட்ட ரிப்போர்ட்டோடு இணைக்க ஆர்டர் பட்டியலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தபோதுதான் கவனித்தான். நூற்று முப்பத்தொன்றில் தொண்ணூற்றாறு ஆர்டர்கள் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வந்திருந்தன. எல்லாம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள். ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை எந்த நாளிலும் ஒன்றுகூட இல்லை. அது சாப்பாட்டு நேரம். ஒரு வியாழக்கிழமை காலை மட்டும் எதுவும் வரவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. நோட்டில் இருந்த ஒன்பது வரியும் அந்தக் காலைப் பொழுதுடையவை.

படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதேனும் குறிப்பு' என்று ஒரு சிறிய பெட்டி வைத்திருந்தான். பொதுவாக யாரும் நிரப்பாத பெட்டி அது. இந்தத் தொண்ணூற்றாறிலும் நிரம்பியிருந்தது.

'மாடிப்படி குறுகல். கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோகவும்.'

'பெரியவருக்குக் காது கேட்காது. ஜன்னல் பக்கம் போய்க் கையை அசைக்கவும்.'

'அம்மா தனியாக இருக்கிறார். சிலிண்டரை மாட்டிக் கொடுத்து, மூச்சு சீரானதைப் பார்த்துவிட்டு வரவும்.'

'வீட்டில் பிள்ளை தூங்கும் நேரம். மணி அடிக்க வேண்டாம்.'

யார் எழுதியது என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நடந்தது தானாக விளங்கியது. படிவத்தை நிரப்பத் தெரியாதவர்கள் எண் உள்ள பக்கத்திலிருந்தோ, பழைய ரசீதிலிருந்தோ, வண்டியின் பக்கவாட்டிலிருந்தோ எண்ணைத் தேடி எடுத்துப் போன் செய்திருக்கிறார்கள். வழக்கம்போல் நோட்டில் எழுதாமல், அக்கா வெப்சைட்டைத் திறந்து, அவர்கள் சொல்லச் சொல்லப் படிவத்தை நிரப்பியிருக்கிறாள். தம்பி செய்த வெப்சைட்டில் ஆர்டர் வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட சீட்டில் அவள் மேசைக்கு விழுந்தது எண் இல்லாத பக்கம்.

உடனே போனை எடுத்து மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். ரிப்போர்ட் தவறு, எண்ணிக்கை தவறு, செய்தது நான் என்று மூன்று வாக்கியம். அவன் போனை எடுத்தான், வைத்தான். இந்தத் தொழிலில் நேற்று நுழைந்தவன்கூடச் செய்யாத பிழை. அந்த மூன்று நிறுவனங்கள் இதைக் கேள்விப்பட்டால்? மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா, தொண்ணூற்றாறைக் கழித்தாலும் முப்பத்தைந்து மிச்சம் இருக்கிறதே, நாற்பத்து நான்குக்கும் முப்பத்தைந்துக்கும் பெரிய தூரமா என்றெல்லாம் அவன் மனம் திறந்துகொண்டே போனது. திறந்த வீட்டில் எது வேண்டுமானாலும் நுழையும். அப்படித்தான் பயமும் அன்றைக்கு நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நுழைந்து உட்கார்ந்தது.

புதன்கிழமை அக்காவே போன் செய்தாள்.

"உன் வெப்சைட் ரொம்ப நல்லா போகுதாமே. மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொன்னார்டா."

"ஆமாக்கா."

"எனக்குத் தெரியும். நல்லா வரும்னு" என்று சொல்லிச் சிரித்தாள்.

தான் செய்த உதவியை அவள் சொல்லவில்லை. சொன்னால் உதவி சின்னதாகிவிடும் என்று நினைக்கிறவள். தான் செய்த பிழையை அவனும் சொல்லவில்லை. இரண்டு பக்கத்திலும் வாய் வரை வந்த உண்மை அப்படியே திரும்பிப் போயிற்று. ஆனால் இரண்டு மௌனமும் ஒன்றல்ல என்பதை அவன் அறிந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, இனி தாங்காது என்று எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனான். போகிற வழியில் அக்காவின் மேசையைப் பார்த்தான். ரிசீவர் இல்லை, சுவரில் அதன் ஒயர் மட்டும் சுருட்டி மாட்டியிருந்தது. வியாழக்கிழமை மாலையே கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். தொண்ணூற்றாறு, ஒரே கம்ப்யூட்டர், சாப்பாட்டு நேரம், விலக்காமல் விட்ட மேசை. தவறு முழுக்கத் தன்னுடையது என்றான். மேனேஜர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, அவன் மேல் இரக்கப்படுகிறவர்போல் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

"எண்ணினதுலதானே தப்பு. முடிவுல இல்லையே" என்றார். "முடிவு நான் போன வருஷமே எடுத்துட்டேன். மாமனாருக்குக் காட்ட ஒரு காகிதம் வேணும், உங்க ரிப்போர்ட் அதுக்குத்தான். அதுவும் சொந்தத் தம்பியே எழுதிக் கொடுத்ததுன்னா யாரு என்ன கேட்கப்போறாங்க?"

அவன் எழுந்துகொண்டான். மேனேஜர் கதவு வரை கூட வந்தார். அந்த மூன்று நிறுவனத்திலும் சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமை கூப்பிடுவார்கள் என்றார்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த அத்தான், வா திறந்தமனசு என்று சொல்லவில்லை. உள்ளே கை காட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய் அடுத்த அறையில் உட்கார்ந்தார். அவர் வாயால் கேலி கேட்காமல் அந்த வீட்டுக்குள் நுழைவது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டு மேசையில் மகளின் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அக்கா செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டு எண் என்ன, எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா, கட்டில் உள்ளே திரும்புமா என்று கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷத்தில் சிலரிடம் அவசரத்துக்கென்று தன் சொந்த எண்ணைக் கொடுத்து வைத்திருந்தாள். அலுவலக எண் அடங்கிப்போனதும் அவர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவருக்கு ஒருவர் சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து இது ஏழாவது அழைப்பு. திரையில் இருந்தது அவன் செய்த பக்கம்.

போனை வைத்த பிறகு அவன் சொன்னான். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும் மறைக்காமல் சொன்னான். அக்கா மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உன் ரிப்போர்ட்ட மேனேஜர் எனக்குப் படிச்சுக் காட்டினார்" என்றாள். "வருகிறவர்களே முடிவு செய்யட்டும்னு இருந்துச்சு. உன் எழுத்துதான்னு தெரிஞ்சுபோச்சு."

"படிவத்த நீதான் போடறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"மூணு மாசம் உக்காந்து செஞ்ச. அது யாருக்கும் புரியலடான்னு எப்படிச் சொல்றது?" மேசை விளிம்பை மறுபடி ஒருமுறை துடைத்துவிட்டு, "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நோட்லயே எழுதியிருப்பேன்" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கோபம் இல்லன்னு நினைச்சுக்காத. நிறைய இருக்கு. அதை உங்கிட்ட எப்படிக் காட்டறதுன்னுதான் தெரியல. பழக்கம் இல்ல."

அப்போது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தொழில் புத்தி எந்தத் துக்கத்திலும் விழித்துக்கொண்டிருக்கும். அக்கா படிவம் நிரப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்றான். ஒரு வாரம் நிறுத்தினால் போதும், ஆர்டர் படுத்துவிடும், முதலாளியே பயந்துபோய் எண்ணைத் திரும்பப் போடச் சொல்வார், அவளைக் கூப்பிடாமல் வேறு வழி இருக்காது. சொல்லும்போதே அவன் குரலில் தெம்பு வந்தது.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஒரு வாரத்துல மூச்சு முட்டறவங்கள என்ன பண்ணலாம்? அவங்களையும் பாதி பாதியா பிரிச்சுடலாமா?"

அவள் குத்திக் காட்டிப் பேசி அவன் கேட்டதில்லை. அது எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது.

போன் மறுபடி அடித்தது. அக்கா எடுக்கவில்லை. அவன் பக்கம் நகர்த்தினாள். லேப்டாப்பையும் திருப்பி வைத்தாள்.

"நீ பேசு. நான் போய் அவருக்கு முதுகுல தைலம் தேய்ச்சுட்டு வரேன், காலையிலேர்ந்து கேட்டுட்டே இருக்கார்."

அவன் போனை எடுத்தான். ஓர் ஆண் குரல். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் அனுப்புகிறார்களாம். அதற்குள் கட்டில் வேண்டும். வெப்சைட்டில் நான்கு முறை போட்டும் போகமாட்டேன் என்கிறது. அவன் பெயர் கேட்டான், தெரு கேட்டான், மாடி கேட்டான். ஒவ்வொரு பெட்டியாக நிரப்பிக்கொண்டே வந்தான். ஐந்தாவது பெட்டியில் 'நோயாளியின் எடை' என்று இருந்தது. சரியான அளவுக் கட்டிலை அனுப்புவதற்காக அவனே யோசித்து வைத்த கேள்வி. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சிவப்பில் ஒரு புள்ளியும் வைத்திருந்தான்.

"அப்பா எடை எவ்வளவுங்க?"

"தெரியலையே சார். ரெண்டு மாசமா படுக்கையில இருக்கார். முன்ன எவ்வளவோ இருந்தார். இப்ப நான் ஒருத்தனே தூக்கிடறேன்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் நிறுத்திக்கொண்டார். குரல் உடைவதை மறைக்க இருமினார்.

அந்தப் பெட்டியைத் தாண்டிப் போக வழியில்லை. போகக் கூடாது என்று பூட்டியவன் அவன்தான். அடுத்த அறை வாசலில் தைலப் புட்டியோடு நின்ற அக்காவைப் பார்த்தான்.

"அறுபதுன்னு போடு" என்றாள் அவள்.

"அவருக்கா?"

"எல்லாருக்கும் அறுபதுதான் போட்டுட்டிருக்கேன்."

அவன் அறுபது என்று அடித்தான். பக்கம் நகர்ந்தது. குறிப்புப் பெட்டியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, வீட்டில் உதவிக்கு வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். இல்லை என்றார் அந்த மனிதர். 'ஒருவர்தான் இருக்கிறார். படுக்கவைக்கும் வரை கூட இருக்கவும்' என்று எழுதினான். பதிவாகிவிட்டது, மதியத்துக்குள் வண்டி வரும் என்றான்.

"ரொம்ப நன்றி சார். நீங்க எடுத்ததால ஆச்சு. அந்த வெப்சைட்ட எவன் செஞ்சானோ, அவன் வீட்ல யாரும் படுத்ததே இல்ல போலிருக்கு."

"ஆமாங்க" என்றான் அவன்.

வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். 'உங்கள் ஆர்டர் வெற்றிகரமாகப் பதிவானது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. திங்கட்கிழமை மேனேஜர் பார்க்கும் எண்ணிக்கையில் எண் இல்லாத பக்கத்துக்கு இன்னும் ஒன்று கூடியிருக்கும். இந்த லேப்டாப்பைக் கணக்கிலிருந்து விலக்க அவனுக்கு இரண்டு நிமிஷம் ஆகாது. விலக்கிச் சொன்னாலும் கேட்க அங்கே யாரும் இல்லை.

செல்போன் மறுபடி அடித்தது. அடுத்த அறையில் அத்தானின் முனகலும், அக்கா மெதுவான குரலில் ஏதோ சமாதானம் சொல்வதும் கேட்டது. அவன் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தான்.